காலிக்குப் போய் வந்தவர்

எங்கள் ஊர் சல்லியில் காலிக்குப் போனவர்கள் பலர். போன எல்லாரும் வந்துவிட்டார்கள். ஒருவர் மட்டும் இன்னும் வந்து சேரவில்லை. ஆள் சல்லி அம்மன் கோயிலடியில்தான் நடமாடுகிறார், கடற்கரையில் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வள்ளம் பார்க்கிறார். நாக்கு மட்டும் காலிக் கோட்டை மதிலில் நிற்கிறது. 'காலியர்' என்று கேட்டால் சின்னப் பிள்ளையும் வீடு காட்டும்.

பென்சன் எடுத்த கிளாக்கர். கோயில்காரர் வான் பிடித்துக் கதிர்காமம் போனபோது திரும்பும் வழியைச் சுற்றிக் காலியில் மூன்று மணி நேரம் நிறுத்தினார்கள். அதில் அரை மணி வான் நிறுத்த இடம் தேடினது. மிச்ச இரண்டரை மணி நேரத்தை மூன்று வருடமாகச் செலவழிக்கிறார், இன்னும் முடியவில்லை. சல்லியில் இருந்து போன மனுஷன் சல்லி காலியாகி வந்தார் என்று அவர் மனைவி சொல்வதை நான் நம்புகிறேன். ஏனென்றால் அந்தக் கதையைக் காலியரே இன்னும் பெருமையாகச் சொல்வார்.

"தம்பி, அது டச்சுக்காரன்ட ஆசுப்பத்திரி. வருத்தக்காரர் கிடந்த விறாந்தையில இப்ப சாப்பாட்டுக் கடை. அதில இருந்து ஒரு கோப்பி குடிச்சனான்."

"விலை?"

"பில்லைப் பார்த்தோடன நானும் அங்கயே படுக்க வேணும்போல இருந்தது. ஆனா கோப்பிக்கா காசு? சரித்திரத்துக்கு!"

அவர் சொல்வதில் பிழை பிடிக்க முடியாது, அதுதான் தொல்லை. காலிக் கோட்டையை 1588இல் போர்த்துக்கேயர் தொடங்கினார்கள், 1640இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள், பழைய வாசலுக்கு மேல் சிங்கமும் சேவலும் 1669ஆம் ஆண்டும் செதுக்கியிருக்கிறது, 1988இல் யுனெஸ்கோ உலக மரபுரிமை ஆக்கியது. எல்லாம் சரி. ஆனால் கேட்டது, "அண்ணை, இண்டைக்குச் சூடை என்ன விலை?" என்றுதான்.

உச்சம், கயிற்றுத் தெரு. கோட்டைக்குள் லெயின் பான் வீதி என்று ஒன்று. ஒல்லாந்தர் காலத்தில் அங்கேதான் கயிறு திரித்தார்களாம், பேரே அதுதானாம். அந்தத் தெருவின் நடுவில் நின்று தனக்கு மயிர் கூச்செறிந்ததாகச் சொல்வார். "நினைச்சுப் பாருங்கோ, இந்தப் பக்கம் ஒருத்தன், அந்தப் பக்கம் ஒருத்தன், நடுவில கயிறு!" இதை அவர் எங்கே நின்று சொன்னார் தெரியுமா? எங்கள் கடற்கரையில், கரைவலைக் கயிற்றில் ஒரு காலை வைத்துக்கொண்டு. இந்தப் பக்கம் பத்துப் பேர், அந்தப் பக்கம் பத்துப் பேர் இழுக்கிறார்கள். "அண்ணை, காலை எடுங்கோ" என்று சம்மாட்டி கத்திய பிறகுதான் எடுத்தார். எடுத்த காலை அடுத்த கயிற்றில் வைத்தார்.

மதிலில் கலியாண மாப்பிள்ளை பொம்பிளை படம் எடுப்பது, பெடியள் கொடிப்பாறையில் இருந்து கடலில் குதித்து வெள்ளைக்காரரிடம் காசு வாங்குவது, எல்லாம் வரிசையாக வரும். நடுவில் ஒரு இடம் உண்டு. 2004இல் கடல் வந்தபோது வெளியே நகரம் அடிபட்டது, கோட்டையை அந்த மதில் காப்பாற்றியது என்பார். அந்த இடத்தில் மட்டும் எங்கள் கடற்கரையில் ஒருவரும் பகிடி விடுவதில்லை. அவரும் அந்த இடத்தைச் சுருக்கமாகத்தான் சொல்வார்.

இத்தனைக்கும் மனுஷன் வெள்ளிக்கிழமை தவறாமல் திருமலைக் கோணேசர் கோயிலுக்குப் போகிறவர். கோயிலுக்கு வழியே பிரெட்ரிக் கோட்டைக்குள்ளால்தான். கோணேசரை இடித்த கல்லை வைத்துப் போர்த்துக்கேயர் கட்டிய கோட்டை. பிறகு ஒல்லாந்தர், 1782இல் கொஞ்சக் காலம் பிரெஞ்சுக்காரர், 1795இல் இங்கிலிஷ்காரர். பின்னாளில் வாட்டர்லூவில் நெப்போலியனை வென்ற வெலிங்டன் தங்கியதாகச் சொல்லும் வீடும் வழியில்தான். சுவாமி மலையில் 1687இல் பிரான்சினா வான் றீட் என்ற ஒல்லாந்தப் பெண்ணுக்கு எழுதிய கல் நிற்கிறது. காதலன் கப்பலேறிப் போக அவள் மலையிலிருந்து குதித்தாள் என்பது ஊர்க் கதை, அவள் பிறகும் உயிரோடிருந்தாள் என்பது ஏடு பார்த்தவர்கள் கதை. காலியர் இத்தனையையும் தாண்டி, செருப்பு எங்கே விடுவது என்ற ஒரே யோசனையோடு போய் வருவார். அந்தக் கோட்டையில் அவருக்குப் பழக்கம் புள்ளிமான்கள் மட்டும்தான். அதுவும் அர்ச்சனைத் தட்டு வாழைப்பழத்தைப் பறித்த பகை.

போன ஆவணியில் கனடாவிலிருந்து அவர் மருமகள் குடும்பம் வந்தது. காலிக்குக் கூட்டிப் போகச் சொல்லிக் கேட்டுப் பார்த்தார். பிள்ளைகளுக்கு வானில் சத்தி வரும் என்று சொல்லிவிட்டார்கள். வேறு வழியில்லாமல் திருமலைக் கோட்டையைக் காட்டப் புறப்பட்டார். நானும் போனேன். கோட்டை வாசலில் நின்று தொண்டையைச் செருமி, "மேல பாருங்கோ, சேவல்!" என்றார். மேலே சேவல் இல்லை.

"தாத்தா, இங்க பக்கத்துல மீன் இருக்கு" என்றான் சின்னவன்.

வாசல் தூணில் குளக்கோட்டன் என்ற மன்னன் பேர் வரும் பழைய கல்வெட்டு. கிட்ட இரண்டு மீன். பாண்டியரின் இணைக்கயல் என்பார்கள். ஐம்பது வருடமாக அந்த வாசலால் போய் வந்தவர் அன்றைக்குத்தான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, திரும்ப மாட்டி, குனிந்தார். பின்னால் ஓட்டோக்காரன் ஹோர்ன் அடிக்கிறான். அவர் அசையவில்லை. சந்தையில் செவுள் தூக்கிப் பார்ப்பதுபோல ஒரு விரலால் தடவினார்.

"பாரை இல்லை. சூரை இல்லை. இது கெண்டைச் சாதி தம்பி, குளத்து மீன்." முகம் சுருங்கியது. கடலோரத்தில் நின்றுகொண்டு குளத்து மீனைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறானே என்பது சல்லிக்காரருக்குப் பெரிய மனக்குறை. ஓட்டோ இரண்டாம் தரம் ஹோர்ன் அடித்தது. காலியர் கல்வெட்டை ஒரு முறை, மீனை ஒரு முறை பார்த்தார்.

"சரிதான். ஆள் குளக்கோட்டன். குளத்து மீனைப் போடாம வேற எதைப் போடுறது?"