தென்கிழக்கு, வழி: வின்னிபெக்

பலகையில் தலைவர் பெயரை அழித்து ஊர்ப் பெயரை எழுதினால் வம்பு தீரும் என்று நம்பியதில், நம்ம அரசாங்கத்துக்கே மூத்தவர்கள் வட அமெரிக்க ஐஸ் ஹாக்கிக்காரர்கள். நாகை காயிதே மில்லத் மாவட்டம் வெறும் நாகப்பட்டினமானது 1997-ல். என்.எச்.எல். நிர்வாகமோ 1993-லேயே ஆடம்ஸ், பாட்ரிக், நாரிஸ், ஸ்மைத் ஆகிய பெருசுகளை இறக்கிவிட்டு, பிரிவுகளுக்குப் பூகோளப் பெயர் சூட்டிவிட்டது. புதுசாகப் பார்க்க வருகிறவனுக்கும் புரியணுமாம்.

அந்த வழியில் 1998-ல் பிறந்ததுதான் தென்கிழக்குப் பிரிவு. கரோலைனா, ஃப்ளோரிடா, டாம்பா பே, வாஷிங்டன், மறுவருஷம் அட்லாண்டா. ஃப்ளோரிடாவில் ஐஸ் என்றால், தஞ்சாவூர் கீழவாசலைப் போலவே, சர்பத்தில் மிதக்கிற சரக்கு. இருப்பதிலேயே சோப்ளாங்கிப் பிரிவு என்று வடக்கத்தி ரசிகர்கள் கிண்டலடித்தார்கள். 2004-ல் டாம்பா பே ஏழாவது ஆட்டத்தில் கால்கரியைச் சாய்த்து ஸ்டான்லி கோப்பையைத் தூக்கியது. அந்தக் கால்கரி அணியே 1980 வரை அட்லாண்டாவில் குடியிருந்ததுதான்! 2006-ல் கரோலைனா, எட்மண்டனை அதே ஏழாவது ஆட்டத்தில் கவிழ்த்தது.

அட்லாண்டாதான் பாவம். 2007-ல் பிரிவில் முதலிடம் பிடித்து, பிளேஆஃபில் நியூயார்க் ரேஞ்சர்ஸிடம் நாலுக்கு நாலும் தோற்றது. அதற்கு முன்னும் பின்னும் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. 2011-ல் வாங்கியவர்கள் அணியைக் கனடாவின் வின்னிபெக்குக்கு மூட்டை கட்டினார்கள். பிரிவு மட்டும் மாறவில்லை. அடுத்து மாற்றப் பார்த்தபோது வீரர்கள் சங்கம் ஒப்பவில்லை. ஆக, ஜனவரி ராத்திரியில் மைனஸ் 20 டிகிரியில் விறைக்கும் வின்னிபெக் இரண்டு சீசன் 'தென்கிழக்கு'. மயாமி பக்கம் ஆடப்போனால், சுமார் 3,000 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் சொந்தப் பிரிவுக்காரன் வீடு.

சீர்காழிக்காரர் இதற்கெல்லாம் சிரிக்கமாட்டார். கலெக்டரிடம் மனு கொடுக்க அவர் நாகப்பட்டினத்துக்கு பஸ் ஏறினால், நடுவில் காரைக்கால். அதாவது புதுச்சேரி. சொந்தக் கலெக்டரைப் பார்க்க அடுத்தவர் எல்லைக்குள் புகுந்து புறப்பட வேண்டும். 1991-ல் தஞ்சாவூரைப் பிரித்ததிலிருந்து 2020 டிசம்பர் 28-ல் மயிலாடுதுறை மாவட்டம் உதயமாகும்வரை 29 வருஷம் இந்தக் கூத்து.

ஹாக்கிக்காரர்கள் 2013-லேயே தென்கிழக்கைக் கலைத்துவிட்டார்கள். டாம்பா பேயும் ஃப்ளோரிடாவும் டொராண்டோவோடு 'அட்லாண்டிக்' பிரிவுக்குப் போயின. டொராண்டோவில் இருப்பது ஏரி. அங்கே அட்லாண்டிக் எங்கே வந்தது என்று கும்பகோணத்துக்காரரிடம் போய்க் கேட்காதீர்கள்; அவர் தனி மாவட்டம் கேட்டுக் கோபத்தில் இருக்கிறார்.