கரியும் கறியும்: அரியூர்ச் சாலை நிறுத்தம் குறித்த ஓர் ஆய்வு

இக்கட்டுரை என்ன நுதலிற்றோ எனின், விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி திரும்பும் குடும்ப வண்டி சுட்ட கோழிக்காக எங்கே, யாரால், எதனால் நிற்கிறது என்பதை உணர்த்துதல் நுதலிற்று.

ஆய்வுக் களம், அரியூர். காலம், காதுகுத்து முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. கருவி, ஏழு பேர் வண்டியில் ஒன்பது பேர். மதியம் அனைவரும் இரண்டாம் முறை சோறு வாங்கிக் கறிவிருந்து உண்டவர்கள். ஆகவே பசி காரணம் அன்று என்பது முதலிலேயே பெறப்பட்டது.

1. பெயராய்வு

'அரி' என்றால் திருமால்; சிங்கம்; அறுத்த நெல்லின் பிடி. மூன்றையும் மறுக்கிறோம். 'கறியூர்' என்பதே ககரம் புகையில் மறைந்து, றகரம் வெந்து ரகரமாக இளகி, அரியூர் ஆயிற்று என்பது எம் துணிபு. கல்வெட்டுச் சான்று இல்லை. வாசனைச் சான்று உண்டு.

2. முன்னோர் வழக்கு

குடும்பத்தோடு சாலையில் போவதும் வழியில் சுட்டதைத் தின்பதும் துரித உணவுக் காலத்துப் பழக்கம் என்பார் பத்துப்பாட்டை அறியார். உ.வே.சா. அதை அச்சேற்றியதே 1889-இல். அதில் நல்லூர் நத்தத்தனாரின் சிறுபாணாற்றுப்படை 269 அடிகளில் ஒரு பாணர் கூட்டத்தை நல்லியக்கோடனின் ஓய்மாநாட்டுக்கு அனுப்புகிறது. மரக்காணம் என்று அறிஞர் கருதும் எயிற்பட்டினத்தில் சுட்ட குழல்மீன், வேலூரில் புளிச்சோறும் சுட்ட ஆமான் இறைச்சியும், ஆமூரில் நண்டு. எந்த ஊரில் எது கிடைக்கும் என்பது புறப்படும் முன்பே தெளிவு. பொருநராற்றுப்படையிலோ கரிகாலன் கம்பியில் சுட்ட கறியைத் தருகிறான். உண்பவர்கள் சூடு பொறுக்காமல் வாயின் இப்பக்கமும் அப்பக்கமுமாக ஒதுக்கித் தின்கிறார்கள். இக்குறிப்பை வாசகர் மறவாதிருப்பாராக.

ஆற்றுப்படையில் பூசல் எழாமைக்குக் காரணம் ஒன்றே. போய்வந்தவர் ஒருவர், கேட்பவர் பலர். எம் வண்டியில் ஒன்பது பேரும் போய்வந்தவர்கள்.

3. வாக்கெடுப்பு

இதே வில்லியனூர் வட்டாரத்துக் கீழூரில் 1954 அக்டோபர் 18 அன்று 178 மக்கள் பிரதிநிதிகள் கூடினர். 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தனர். பிரெஞ்சிந்தியாவின் விதியே ஒரு நாளில் முடிந்தது. எமக்கோ வளவனூரில் தொடங்கிய விவாதம் திருபுவனையிலும் முடியவில்லை.

"நல்ல கடை வளவனூர்லயே போயிடுச்சி" என்றார் அத்தை. "வில்லியனூர் போயி பாத்துக்கலாம்" என்றார் பெரியப்பா. மச்சான் கைப்பேசியில் நட்சத்திரம் எண்ணினார். "மதியம் துன்னதே செரிக்கல, இன்னாத்துக்குடா கோழி?" என்றார் ஆயா. வாக்கு ஒன்பது, கருத்து பதினொன்று.

4. எல்லைச் சிக்கல்

வளவனூர் தமிழ்நாடு, மதகடிப்பட்டும் திருபுவனையும் புதுச்சேரி, கண்டமங்கலம் மறுபடி தமிழ்நாடு, அரியூர் மறுபடி புதுச்சேரி. பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் பங்கு பிரித்த கந்தலை இன்னும் யாரும் தைக்கவில்லை. தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குப் பச்சை முட்டை மயோனைஸைத் தடை செய்தபோது, இச்சாலையில் ஒரு டப்பா மயோனைஸ் ஊருக்கு ஊர் தன் சட்டநிலை என்னவென்று தானே குழம்பியிருக்கும்.

5. புகையின் இயல்

கம்பியில் சுழலும் கோழியின் கொழுப்பு உருகி அடுப்புக்கரியில் சொட்டுகிறது. புகையாக எழுந்து கோழியின் மேலேயே படிகிறது. சூட்டில் புரதமும் சர்க்கரையும் கூடித் தோல் பொன்னிறமாகிறது. இவ்வினையை 1912-இல் விளக்கியவர் மயார் என்ற பிரெஞ்சுக்காரர். பிரெஞ்சுக்காரர் இந்த ஊரை விட்டுப் போனாலும் அடுப்பை விட்டுப் போகவில்லை என்க.

6. முடிபு

கண்டமங்கலம் தாண்டியதும் அப்புகை வண்டிக்குள் புகுந்தது. அனைவரும் வாயடைத்தனர். வாக்குரிமை கேளாமல் ஓட்டிவந்த சித்தப்பாவின் கால் தானாக பிரேக்கில் அமர்ந்தது. ஏசி ஓடும் வண்டிக்குள் புகை வந்தது எப்படி என்று ஆராய்ந்ததில், ஒரே ஒரு ஜன்னல் திறந்திருந்தது தெரிந்தது. அது ஏசி ஒத்துக்கொள்ளாத ஆயாவின் ஜன்னல். ஆகவே வண்டியை நிறுத்துவது பசியும் அன்று, பெரும்பான்மையும் அன்று. எதிர்த்து வாக்களித்தவர் திறந்து வைத்த ஜன்னலே என்பது பெறப்படும்.

இரண்டு ஃபுல் வாங்கினோம். "எனக்கு வேணாம், புள்ளைங்களுக்குக் குடு" என்ற ஆயா, சற்றுப் பொறுத்து முதல் துண்டை எடுத்து, சூடு பொறுக்காமல் வாயின் இப்பக்கமும் அப்பக்கமுமாக ஒதுக்கினார்.