‘கேட்கக் கேட்கத்தான் பிடிக்கும்’ என்னும் தொடருக்குப் பொருள்கோள்: ஒரு முதற்கட்ட ஆய்வு

ஆல்பம் என்னும் சொல், 78 சுழற்சி இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய மூன்று நிமிட இசையே அடங்கிய காலத்தில், பல தட்டுகளைப் புகைப்பட ஆல்பம் போன்ற அட்டைத் தொகுப்பில் செருகி விற்ற வழக்கத்திலிருந்து வந்தது. தமிழ்நாட்டில் அது பெரும்பாலும் ஒரு திரைப்படத்தின் ஐந்தாறு பாடல்களைக் குறிக்கும். அவற்றின் சொல்லையும் மெட்டையும் ஒருவரே ஆக்கினால் அவர் வாக்கேயக்காரர் எனப்படுவார் (வாக்கு என்பது சொல், கேயம் என்பது பாடப்படுவது). 13ஆம் நூற்றாண்டில் சார்ங்கதேவர் இயற்றிய சங்கீத ரத்னாகரம் அவரை உத்தமர், மத்திமர், அதமர் என மூன்றாகப் பகுத்து, ஒவ்வொருவருக்கும் தகுதி கூறுகிறது. ஆல்பத்தைக் கேட்டுக் கருத்துரைப்பவருக்கு வேண்டுவன ஒரு காதும் ஒரு வாயுமே. அவற்றுள்ளும் காது கட்டாயமன்று என்பாரும் உளர்.

இக்கருத்துகள் பல வகைப்படும். ‘ரெண்டு பாட்டு தேறும்’ என்பது ஐந்து பாடல் கொண்ட ஆல்பத்தைப் பற்றிச் சொல்லப்படின், நூற்றுக்கு 40 ஆகி, பள்ளித் தேர்வின் 35ஐக் கடந்து ஆல்பம் தேர்ச்சி பெறும். ஆறு பாடல் உள்ளதைப் பற்றிச் சொல்லப்படின் 33 ஆகித் தோல்வியுறும். ஆதலின் ஆறாம் பாடலுக்குச் செலவிடும் தயாரிப்பாளர் தம் காசில் தாமே சூனியம் வைத்துக்கொள்கிறார். ‘ரீரெக்கார்டிங் நல்லா இருக்கு’ என்பது பாடல்களைப் பற்றிய கருத்து. ‘முன்ன மாதிரி இல்லை’ என்பது சொல்பவரின் வயதைப் பற்றியது. இளையராஜா 1986இல் தியாகராஜருக்கும் மேலை இசைமேதை பாக்குக்கும் காணிக்கையாக்கிய ‘ஹவ் டு நேம் இட்?’ என்னும் ஆல்பத்தின் பெயரே வினாவாக இருத்தலின், அதைப் பற்றிய கருத்தைத் தலையசைப்பால் மட்டும் தெரிவிப்பது மரபு.

எஞ்சியது ஒன்றே, அதுவே இவ்வாய்வின் உயிர்நிலை. 1992இல் ‘ரோஜா’ வெளிவந்த பின்னர், ஏ. ஆர். ரகுமானின் ஆல்பம் ஒவ்வொன்றும் வரும் நாளில், முதன்முறை கேட்டு முகம் வாடிய நண்பனை நோக்கி மற்றவன் கூறும் ‘கேட்கக் கேட்கத்தான் பிடிக்கும்’ என்னும் தொடர், எத்தனை முறை கேட்டால் பிடிக்கும் என்பதைத் தெளிவுறச் சொல்லாததால் அறிஞரிடையே பெரும்பூசல் விளைந்துள்ளது. ‘கேட்க’ இருமுறை வருதலின் இருமுறை கேட்டால் போதும் என்பர் இரட்டைக் கேள்வியர். அது பொருந்தாது, என்னை? இசைநிறைக்காக அடுக்கி வரும் சொல் நான்கு வரை செல்லலாம் எனத் தொல்காப்பியமும் நன்னூலும் எல்லை வகுத்திருக்க, இசைக்காகவே அடுக்கிய இச்சொல்லை இரண்டோடு நிறுத்துவது கஞ்சத்தனம் என்பர் நான்மடியார். தொல்காப்பியத்தின் காலத்தையே ஆயிரம் ஆண்டு முன்பின்னாக வைத்துக்கொண்டு நிம்மதியாக ஓய்வூதியம் பெறும் பெருமக்களுக்கு, இரண்டா நான்கா என்னும் இவ்வேறுபாடு பொருட்டன்று.

இடையிலுள்ள க் ஒற்றும் நோக்கத்தக்கது. ஒற்றில்லாமல் ‘கேட்க கேட்க’ என எழுதுவோர், ஒரு கேள்விக்கும் மறு கேள்விக்கும் நடுவே வேறோர் இசையமைப்பாளரின் பாடலைக் கேட்டவர் என்பது டீக்கடைப் பெஞ்சு உரை. மாநகரப் பேருந்தின் கடைசி இருக்கைப் பின்புறத்தில் காம்பசு முனையால் கீறப்பட்ட மூன்று வரிக் கல்வெட்டோ (இரண்டாம் வரி ஒட்டிய சுவிங்கத்தால் சிதைந்துள்ளது, மூன்றாம் வரி ஒரு பெண்ணின் பெயர், அது பிற்காலத்தது), அவர்கள் தமிழில் தவறியவர் மட்டுமே எனக் கொள்கிறது.

எண்ணிக்கையில் மற்றொரு சிக்கலும் உண்டு. பாடலைப் பரப்ப விரும்பும் அன்பர் ஹெட்செட்டின் ஒரு முனையைத் தன் காதிலும் மறுமுனையை நண்பனின் காதிலும் செருகி, நண்பனின் புருவத்தையே உற்று நோக்கி, ‘இரு, இப்ப வரும் பாரு’ என்று விரலை உயர்த்துவார். இடையிசையில் வயலின்கள் எழும் அந்நொடியில் நண்பன் தலையாட்டியாக வேண்டும், இன்றேல் பாட்டு முதலிலிருந்து ஓடும். ஸ்டீரியோ என்பது இடக்காதுக்கும் வலக்காதுக்கும் வெவ்வேறு ஒலி அனுப்பும் முறையாதலின், நண்பன் கேட்டது ஏறக்குறையப் பாதிப் பாடலே. வயலின்கள் அன்பரின் பக்கத்துக் காதில் ஒலித்திருக்கவும் கூடும். ஆகவே இவ்வாறு கேட்ட இரண்டு கேள்வி ஒரு கேள்வியாக எண்ணப்படும், அதுவும் இருவரும் நடுவில் காது மாற்றிக்கொண்டால் மட்டுமே.

1968இல் ராபர்ட் சயான்ஸ் என்னும் உளவியலாளர், பொருளற்ற சொற்களையும் சீன எழுத்துப் போன்ற வடிவங்களையும் மாணவர்களுக்கு 25 முறை வரை காட்டி, அடிக்கடி கண்டதை அவர்கள் நல்லதாக மதிப்பிட்டனர் எனக் காட்டினார். நான்கு என்னும் வரம்பை மீறி அவர் 25 வரை சென்றதற்குத் தமிழ் இலக்கணம் அறியாமையே காரணமாகலாம். எனினும் பொருளற்ற சொல்லும் திரும்பத் திரும்ப வந்தால் இனிக்கும் என்ற அவர் முடிபு, திரைப்பாடலுக்கு மட்டுமன்றிக் கருத்தரங்கத் தலைமையுரைகளுக்கும் பொருந்துவதாகும்.

இனி, ‘பிடிக்கும்’ என்பது எதிர்காலம். ‘பிடித்தது’ என்றோ ‘பிடிக்கிறது’ என்றோ சொல்லாமையின், சொல்பவருக்கே அப்பாடல் இன்னும் பிடிக்கவில்லை என்பது பெறப்படும். ஐம்பது முறை கேட்டும் பிடிக்கவில்லை என்று ஒருவர் முறையிட்டால், ‘இன்னும் கேளு’ என்பதே விடை. மறுப்பவர் போதிய அளவு கேட்கவில்லை என்பதற்கு அவர் மறுப்பே சான்றாதலின், இக்கோட்பாட்டைத் தகர்க்க ஒருவராலும் இயலாது. இத்தகைய அரண் முனைவர் பட்ட ஆய்வேடுகள் எல்லாவற்றுக்கும் வாய்ப்பதில்லை. வாய்த்தவை பல்கலைக்கழக நூலகத்தில் யாரும் தொடாமல் பத்திரமாக இருக்கின்றன. ‘ஸ்லோ பாய்சன்’ என்னும் பாராட்டு இக்கோட்பாட்டின் மருத்துவக் கிளை.

இறுதியாக மூலச்சான்று ஒன்று. ரெக்கார்டிங் சென்டரில் பதிவு செய்யப்பட்ட 60 நிமிடக் கேசட் அது. உள்தாளில் நீல மையில் எழுதிய பாடல் பட்டியலில் முதல் பாட்டுக்கு நட்சத்திரக் குறி உண்டு, பல்சக்கரத்தில் பென்சில் விட்டுச் சுற்றிய தடமும் உண்டு. பி பக்கத்தின் கடைசிப் பாடல், 30 நிமிடம் தீர்ந்தமையால், இரண்டாம் சரணத்தின் நடுவே ஒரு நெடிலின் பாதியில் நின்றுவிடுகிறது. அதன் உரிமையாளர் ஆண்டுக்கணக்கில் கேட்கக் கேட்க அம்முடிவே பிடித்துப்போய், பின்னொரு நாள் வானொலியில் முழுப் பாடலும் ஒலித்தபோது, மிச்ச வரிகள் பிற்காலத்தார் சேர்த்த இடைச்செருகல் என்று அறிவித்தார். கிடைத்த பாடங்களை ஒப்புநோக்கியதில், இவ்வாய்வும் அவர் பக்கமே சாய்கிறது.