251 ரூபாய் மொய்

ரொம்ப நெருக்கமும் இல்லை, போகாமல் விட்டுவிடவும் முடியாது என்கிற உறவுக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு நாம் எழுதும் தொகை 251 ரூபாய். நூற்றொன்று எழுதினால் அடுத்த விசேஷத்தில் பேச்சு வரும். ஐந்நூற்றொன்று எழுதினால் சொந்த வீட்டிலேயே பேச்சு வரும். 2016 பிப்ரவரியில் நொய்டாவிலிருந்து ஒரு கம்பெனி சரியாக இந்தத் தொகைக்கு ஸ்மார்ட்போன் தருகிறேன் என்று கிளம்பியபோது, விலையை முடிவுசெய்தவர் கணக்குப் படித்தவரா, கல்யாண மண்டப வாசலில் டேபிள் போட்டு உட்கார்ந்தவரா என்று எனக்குச் சந்தேகம் வந்தது. இன்றுவரை தீரவில்லை.

அப்போது நான் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு ரோலிங் மில்லில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். அந்த ஊரின் தர்மம் எளிமையானது. பழைய இரும்பு ஏற்றிய லாரி எடை மேடையில் ஏறும். இறக்கிய பிறகு காலி லாரி இன்னொரு முறை ஏறும். இரண்டு சீட்டும் கைக்கு வந்த பிறகுதான் காசைப் பற்றிப் பேச்சு. கொண்டுவந்தவர் முதலாளியின் சொந்த மச்சானாக இருந்தாலும் இதில் மாற்றம் கிடையாது. மச்சானாக இருந்தால் மூன்றாவது முறையும் ஏற்றுவார்கள்.

அப்படிப்பட்ட ஊருக்கு வேலைக்குப் போகிறவர்தான் எங்கள் ஃபிட்டர் அண்ணன். காலை ஷிப்டுக்கான மின்சார ரயிலில் நான் தண்டையார்பேட்டையில் ஏறுவேன். அடுத்த ஸ்டேஷன் வ.உ.சி. நகர், அண்ணன் அங்கே ஏறுவார். பிப்ரவரி 18ஆம் தேதி விடியற்காலையில் அவர் கையில் டிபன் பாக்ஸுக்குப் பதில் போன் இருந்தது. ஆறு மணிக்கு புக்கிங். மீஞ்சூரில் ஏறிய அக்கா, ஸ்ரீபெரும்புதூர் நோக்கியாவில் வேலை பார்த்தவர். 2014 நவம்பர் 1ஆம் தேதி அந்த ஆலை உற்பத்தியை நிறுத்தியதும் எங்கள் பக்கம் ஒரு கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷனுக்கு வந்து சேர்ந்தவர்.

“இன்னாண்ணே, காலங்காத்தால போனும் கையுமா?”

“இருநூத்தம்பத்தோரு ரூவாக்கு டச் போன் வுடுறான்மா. பணம் கட்டிட்டா ஜூனுக்குள்ள வூட்டுக்கே வந்துரும்.”

அக்கா சிரிக்கவில்லை. விரல் விட்டு எண்ணினார். “பொட்டி, சார்ஜரு, ஒயரு, இயர்போனு. இதுக்கே நீங்க சொல்ற துட்டு ஆயிடும். மிச்சம் போனு ஒண்ணு இருக்குதே, அத்த யாருண்ணே குடுப்பாங்க?”

“கவர்மென்ட்டு குடுக்குதும்மா. மேக் இன் இந்தியா.”

கவர்மென்ட் கொடுக்கவில்லை. ஆனால் நாடு முழுக்க அப்படி நினைத்தவர்கள் ஏராளம். நினைக்கும்படிதான் ஏற்பாடும் இருந்தது. போனின் பெயர் ஃப்ரீடம் 251. பின்பக்கம் மூவர்ணக் கொடி. கம்பெனியின் பெயர் ரிங்கிங் பெல்ஸ். முதல் நாள் டெல்லியில் வெளியீட்டு விழா. பாதுகாப்பு அமைச்சர் மனோகர் பாரிக்கர் வருவார் என்று அழைப்பு, அவர் வரவில்லை. மூத்த தலைவர் முரளி மனோகர் ஜோஷி வந்தார். நாலு இஞ்ச் திரை, 1 ஜிபி ராம், 8 ஜிபி சேமிப்பு, முன்னும் பின்னும் கேமரா என்று அறிவித்தார்கள். எங்கள் பக்கத்துச் செல்போன் கடையில் ஒரு பவுச்சும் டெம்பர் கிளாஸும் கேட்டால் ஏறக்குறைய அந்த விலையைச் சொல்லுவார்கள்.

விழாவில் நிருபர்கள் கையில் மாதிரி போன்கள் கொடுக்கப்பட்டன. இந்த வரலாற்றிலேயே எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இதுதான். போனின் முகத்தில் ஒரு வெள்ளைப் பூச்சு. நகத்தால் சுரண்டினால் உள்ளே ‘ஆட்காம்’ என்று வேறொரு கம்பெனியின் பெயர். வொயிட்னர்! எங்கள் மில்லில் அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டரில் ஒரு சொட்டு வொயிட்னர் பட்டாலே மெமோ கொடுப்பார்கள். இங்கே ஒரு தேசத்தின் டிஜிட்டல் புரட்சியை ஒரு புட்டி வொயிட்னரில் முடித்திருந்தார்கள். அந்த போனைத் தாங்கள் 3,600 ரூபாய்க்கு விற்றதாக ஆட்காம் பிறகு சொன்னது. திரையில் இருந்த ஐகான்களோ ஐபோனிலிருந்து வந்தவை. ஆக, உடம்பு ஒருவருடையது, முகம் இன்னொருவருடையது, கொடி நம்முடையது. கம்பெனியின் சொந்தச் சரக்கு அந்த வொயிட்னர் மட்டும்தான்.

செல்போன் தயாரிப்பாளர் சங்கம் அதற்குள் தொலைத்தொடர்பு அமைச்சருக்குக் கடிதம் எழுதிவிட்டது: எவ்வளவு மானியம் கொடுத்தாலும் இந்த போனை 3,500 ரூபாய்க்குக் குறைத்து விற்க முடியாது என்று. அந்தச் சங்கத்துக்கு நிபுணர்கள் இருந்தார்கள். மீஞ்சூர் அக்காவுக்கு ஒரு கையின் விரல்கள் போதுமானதாக இருந்தன.

எங்கள் பக்கம் விலை தெரியாதவர்கள் யாரும் இல்லை என்பதுதான் வேடிக்கை. ஆரம்பாக்கம் தாண்டினால் தடா, தடாவை ஒட்டி ஆந்திரத்தின் ஸ்ரீசிட்டி. அங்கே பாக்ஸ்கான் ஆலையில் ஷியோமி போன்களைப் பூட்டத் தொடங்கி ஆறு மாதம் ஆகியிருந்தது. 2015 ஆகஸ்டில் அங்கிருந்து வந்த முதல் போன் ரெட்மி 2 பிரைம், விலை 6,999. உலகத்திலேயே மலிவாக விற்பதற்குப் பெயர் வாங்கிய சீனக் கம்பெனி, கூலி குறைந்த நம் ஊரில் வைத்துப் பூட்டியும் ஏழாயிரத்துக்கு ஒரு ரூபாய்தான் குறைக்க முடிந்தது. நொய்டாக்காரர் 6,748 ரூபாய் கூடுதலாகக் குறைத்தார். இதற்குப் பெயர்தான் தேசபக்தி.

சரியாக ஆறு மணிக்கு, மீஞ்சூர் தாண்டியதும், அண்ணனின் போனில் சிக்னல் போயிற்று. சிக்னல் வருவதற்குள் கம்பெனியின் சைட்டே போயிற்று. வினாடிக்கு ஆறு லட்சம் பேர் முட்டினார்கள் என்று கம்பெனி பெருமையாகச் சொன்னது. அன்றைக்குப் பணம் கட்ட முடிந்தவர்கள் 30,000 பேர். பெயரைப் பதிந்துவைத்தவர்கள் ஏழு கோடிக்கு மேல் என்றார்கள். தமிழ்நாட்டின் மொத்த மக்கள்தொகை வரிசையில் நின்று, ஆளுக்கு ஒரு போன் கேட்டது போல. ரயில்வேயின் புண்ணியத்தில் அண்ணன் தப்பித்தார். அதற்காகத் தென்னக ரயில்வேயை இரண்டு நாள் திட்டினார்.

அதன் பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எங்களுக்கு ஒரு போனுக்கு 31 ரூபாய் லாபம் என்றார் நிறுவனர் மோஹித் கோயல். இந்தத் தரச் சான்று எங்கே, அந்தச் சான்று எங்கே என்று அரசு கேட்டது. வாங்கிய பணத்தைத் திருப்பித் தருகிறோம், பொருள் வந்த பிறகு காசு கொடுத்தால் போதும் என்று கம்பெனி இறங்கி வந்தது. அதாவது எடை மேடைக்கு வந்தது. ஜூன் மாதம் வந்தபோது 31 ரூபாய் லாபம் நட்டமாக மாறியிருந்தது. எல்லோருக்கும் போன் கொடுக்க 50,000 கோடி ரூபாய் உதவி வேண்டும் என்று பிரதமருக்கு வேண்டுகோளும் போயிற்று. மொய் எழுதியவர்கள் போதாமல், சீர்வரிசைக்குத் தாய்மாமனைத் தேடியிருக்கிறார்கள். ஜூலையில் 5,000 போன் அனுப்புகிறோம் என்று அறிவித்தார்கள். 2017 பிப்ரவரியில் ஒரு விநியோகஸ்தரின் புகாரில் கோயல் கைதானார்.

கதை அதோடு முடியவில்லை. 2021 ஜனவரியில் நொய்டா போலீஸ் அவரை மறுபடி கைதுசெய்தது. இந்த முறை குற்றச்சாட்டு, உலர்பழ வியாபாரிகளிடம் சரக்கு வாங்கிப் பணம் கொடுக்காமல் 200 கோடி ரூபாய் அளவுக்கு ஏமாற்றினார் என்பது. முதல் தடவை பணம் வந்தது, பொருள் போகவில்லை. அடுத்த தடவை பொருள் வந்தது, பணம் போகவில்லை என்கிறது போலீஸ். கணக்கெழுதுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: பற்றும் வரவும் சரியாகத்தான் இருக்கின்றன.

பார்க்காத பொருளுக்குப் பணம் கட்டி ஏமாறுவது என்னவோ இன்டர்நெட் கொண்டுவந்த நோய் என்று நினைக்க வேண்டாம். என் சித்தப்பா பத்திரிகை விளம்பரத்தில் ஒன்பது கட்டம் பார்த்தார். எப்படிக் கூட்டினாலும் 15 வரவேண்டும். போட்டார், வந்தது. வடக்கே ஏதோ ஒரு ஊர் முகவரிக்கு அனுப்பினார். ‘வாழ்த்துகள், உங்களுக்கு டிரான்சிஸ்டர் பரிசு, வி.பி.பி. கட்டணம் மட்டும் செலுத்தவும்’ என்று பதில். தபால்காரரிடம் பணத்தைக் கட்டிவிட்டுப் பிரித்தால் அரை செங்கல், சுற்றிலும் இந்திப் பேப்பர். அந்தச் செங்கல் பல வருஷம் எங்கள் வீட்டில் அம்மிக்கு முட்டுக் கொடுத்தது. ஃப்ரீடம் 251 அந்த அளவுக்காவது உபயோகப்பட்டிருக்குமா என்பது கேள்வி.

வெள்ளைக்காரர்களும் இதில் சளைத்தவர்கள் இல்லை. அங்கே கிக்ஸ்டார்ட்டர் என்று 2009இல் ஒரு மண்டபம் திறந்தார்கள். பொருளின் படத்தைக் காட்டுவார்கள். ஊர் கூடி மொய் எழுதும். பிறகு செய்து அனுப்புவார்கள் என்பது ஏற்பாடு. பெப்பிள் என்ற கைக்கடிகாரத்துக்கு 2012இல் சுமார் 69,000 பேர் சேர்ந்து ஒரு கோடி டாலருக்கு மேல் கொடுத்தார்கள். செப்டம்பரில் வரவேண்டியது ஜனவரியில் வந்தது, ஆனால் வந்தது. ஐஸ் பெட்டிக்குள் மிக்ஸியும் பாட்டும் வைத்துத் தருகிறேன் என்று கூலெஸ்ட் கூலர்காரர் 2014இல் 1.3 கோடி டாலர் வசூலித்தார். 2019 டிசம்பரில் கடையை மூடியபோது மூன்றில் ஒருவருக்குப் பெட்டி போய்ச் சேரவில்லை. கைக்குள் அடங்கும் ஸானோ என்ற பறக்கும் கேமராவுக்கு 12,000 பேர் 23 லட்சம் பவுண்டு கொடுத்தார்கள். சில நூறு பேருக்கு அனுப்பிவிட்டு அந்த வேல்ஸ் கம்பெனி 2015இல் திவாலானது. பணம் எங்கே போயிற்று என்று எழுத கிக்ஸ்டார்ட்டரே ஒரு பத்திரிகையாளரை அமர்த்தியது. மண்டபத்துக்காரரே துப்பறிய ஆள் வைத்த கல்யாணம்! ஆனால் ‘நாங்கள் கடை இல்லை’ என்று 2012இலேயே அவர்கள் அறிவித்தும்விட்டார்கள். சாப்பாடு உத்தரவாதமில்லை, மொய் மட்டும் வாங்கப்படும் என்று பத்திரிகையிலேயே அச்சடித்த மாதிரி. ஒரு பல்கலைக்கழகப் பேராசிரியர் 2015இல் ஆராய்ந்து, அங்கே பணம் திரட்டிய திட்டங்களில் நூற்றுக்கு ஒன்பது பொருளைக் கொடுக்கவே இல்லை என்றார். மீதி 91 கொடுத்தனவே என்று சந்தோஷப்படலாம். எங்கள் ஊரில் நூறு லாரியில் ஒன்பது வராவிட்டால் கேட் வாட்ச்மேனை மாற்றிவிடுவார்கள்.

இவர்களுக்கெல்லாம் முன்பே புதுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்தில் இதைச் சுத்தமாகச் செய்து காட்டியவர்கள் இருக்கிறார்கள். ஆடி மாதம் மொய் விருந்து. கறிச்சோறு போடுவார்கள், வந்தவர் எழுதிவிட்டுப் போவார், லட்சக்கணக்கில் சேரும். தொழில் தொடங்கலாம், கடனை அடைக்கலாம். வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது. இருப்பது ஒரு நோட்டு. யார், எந்த ஊர், எவ்வளவு என்று அதில் இருக்கும். எழுதியவர் விருந்து வைக்கும் வருஷம் திருப்பிச் செய்யாவிட்டால் ஊரில் தலை நிமிர்ந்து டீ குடிக்க முடியாது. ஏழு கோடிப் பேரைப் பதிவுசெய்த நொய்டா கம்பெனிக்கு சர்வர் இருந்தது, அந்த நோட்டு இல்லை.

பின்னொரு நாள் ரயிலில் இந்த ஏமாற்றுக் கதைகளைத்தான் அண்ணனிடம் சொல்லிக்கொண்டு வந்தேன். அவர் விடவில்லை. “அப்ப ஊரு சனத்துக்கிட்ட துட்டு வாங்கி எவனுமே நேர்மையா பண்ணலயா சார்?” என்றார். அவர் ஏறிய ஸ்டேஷனின் பெயரைக் காட்டினேன்.

1906இல் தூத்துக்குடியில் சுதேசி கப்பல் கம்பெனி. பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய், 40,000 பங்குகள், பத்து லட்சம் முதல். கம்பெனி தொடங்கியபோது சொந்தக் கப்பல் ஒன்றுகூட இல்லை. நம் அக்கா அன்றைக்கு இருந்திருந்தால் வ.உ.சி.யிடமும் விரல் விட்டு எண்ணிக் காட்டியிருப்பார். ஆனால் மனுஷர் பம்பாய் போனார், கப்பலோடு திரும்பினார். காலியா, லாவோ என்று இரண்டு, வொயிட்னர் அடிக்காத சொந்தப் பெயர்களோடு. 251 ரூபாய் வேலையைச் செய்தது எதிர்த்தரப்பு: வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போய், கடைசியில் சும்மா ஏறுங்கள், குடையும் தருகிறோம் என்றதாகச் சொல்வார்கள். அதற்கும் மசியாமல் போகவே, 1908இல் வ.உ.சி.யைப் பிடித்து உள்ளே போட்டார்கள்.

1912 கடைசியில் வெளியே வந்தவருக்கு வக்கீல் சன்னதும் இல்லை, கப்பலும் இல்லை. சென்னையில் வறுமை. தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் அவருக்காகக் காசு திரட்டினார்கள். அதைக் கொண்டுவந்து சேர்க்க வேண்டிய பொறுப்பு, 1915இல் இந்தியா திரும்பிய ஒருவரிடம் வந்தது. அவர் பெயர் மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி. பணம் உடனே வரவில்லை. கடிதம் போயிற்று, பதில் வந்தது, மறுபடி கடிதம் போயிற்று. வேண்டாம் என்று மறுத்தால் எனக்கும் என் குடும்பத்துக்கும் தீங்கு செய்தவன் ஆவேன் என்று வ.உ.சி. மானத்தை விட்டு எழுத வேண்டியிருந்தது. மகாத்மா ஆகப்போகிறவரே டெலிவரியில் மாதக்கணக்கில் தாமதம் என்றால் மற்றவர்களை என்ன சொல்ல! ஆ.இரா. வேங்கடாசலபதி இந்தக் கடிதங்களைத் தேடியெடுத்து ஒரு புத்தகமே போட்டிருக்கிறார். அதன் தலைப்பிலேயே தொகை இருக்கிறது.

1916 தொடக்கத்தில் பணம் வந்து சேர்ந்தது. 347 ரூபாய் 12 அணா. அணாகூடக் குறையவில்லை.