கேள்வி - பதில்: ராத்திரி விழிப்பவள்

(இந்த வாரம் முழுக்க, வெளிநாட்டில் நைட் டூட்டி பார்க்கும் நர்ஸ்கள் பற்றிய கேள்விகள்)

கே: என் மகள் லண்டனில் நர்ஸ். செண்டுமல்லி பறித்துவிட்டு வந்து சாயங்காலம் 5 மணிக்குக் கூப்பிட்டால் தூங்குகிறாள். எடுத்தாலும் இரண்டே வார்த்தை. பிள்ளை மாறிவிட்டாளோ?
- ஒரு தாய், குண்டலுபேட்டை

ப: பிள்ளை மாறவில்லை அம்மா, மணிதான் மாறியிருக்கிறது. குளிர்காலத்தில் லண்டன் நம்மைவிட ஐந்தரை மணி நேரம் பின்னால். காலை 8 மணிக்கு டூட்டி முடிந்து, பஸ் பிடித்து, குளித்து, திரையை இழுத்துவிட்டு அவள் படுக்கும்போது உங்களுக்கு மத்தியானம் 3.30. உங்கள் 5 மணி அவளுக்கு நடு உறக்கம்.

நேரம் பார்த்துக் கதவை மூடுவதை உங்கள் ஊருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. 2009 முதல் உங்கள் ஊரை ஒட்டிய பந்திப்பூர் காட்டுச் சாலையை இரவு 9 மணிக்கு மூடி, காலை 6 மணிக்குத்தான் திறக்கிறார்கள். ஊட்டிக்கும் கோழிக்கோட்டுக்கும் போகும் லாரிகள் காத்துக் கிடக்கின்றன. யானையும் மானும் அடிபடாமல் சாலையைக் கடக்கட்டும் என்றுதான் இந்த ஏற்பாடு. ஆம்புலன்ஸ் வந்தால் கேட் திறக்கும். உங்கள் போனுக்கும் அதே சட்டம் போடுங்கள். மாலை 3.30 முதல் இரவு 10.30 வரை கேட் மூடல். அவசரம் என்றால் மட்டும் திறப்பு. மத்தியானம் 2 மணிக்குக் கூப்பிட்டுப் பாருங்கள். வீடு திரும்பும் வழியில் வாய் நிறையப் பேசுவாள். (கோடையில் இந்தக் கணக்கை ஒரு மணி நேரம் முன்னதாக மாற்றிக்கொள்ளுங்கள்.)

கே: நோயாளிகள் எல்லாம் தூங்கும்போது நைட் நர்ஸுக்கு அப்படி என்ன வேலை?
- ஒரு வாசகர், சத்தியமங்கலம்

ப: அவள் விழித்திருப்பதால்தான் அவர்கள் தூங்குகிறார்கள். படுத்த படுக்கையாக இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். விட்டால் முதுகிலும் குதிகாலிலும் புண் வந்துவிடும். டிரிப்ஸ் ஏறும் கை வீங்கியிருக்கிறதா என்று, தூக்கம் கலையாமல், டார்ச் வெளிச்சத்தில் தொட்டுப் பார்க்க வேண்டும். மூச்சு, நாடி, பிபி, ஆக்ஸிஜன், காய்ச்சல், நினைவு என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட வேண்டும். பிரிட்டனில் 2012இல் வந்த முறை இது. கூட்டுத்தொகை ஏறினால் உடனே டாக்டரை அழைக்க வேண்டும். இதற்கு நடுவே, விடியற்காலை 3 மணிக்கு மறதிநோய் உள்ள பெரியவர் எழுந்து "வீட்டுக்குப் போகணும்" என்று கதவைத் தட்டுவார். அவர் கையைப் பிடித்து, தன் தாய்மொழி அல்லாத மொழியில் சமாதானம் சொல்லி, திரும்பப் படுக்க வைக்க வேண்டும். உட்கார ஏது நேரம்?

கே: வளைகுடாவில் நர்ஸ் வேலை வாங்கித்தர ஏஜென்ட் 8 லட்சம் கேட்கிறார். வீட்டை அடமானம் வைக்கலாமா?
- ஒரு தந்தை, கூடலூர்

ப: வைக்காதீர்கள். பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய கட்டணமே அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். அதற்கும் ரசீது தர வேண்டும். 2015இல் கொச்சியில் ஒரு ஏஜென்சி, 19,500 ரூபாய் வாங்க வேண்டிய இடத்தில் 19.5 லட்சம் வாங்கியதாக சிபிஐ வழக்குப் போட்டது. இரண்டு பூஜ்யம் கூடினால் ஒரு குடும்பம் தெருவுக்கு வந்துவிடும். அந்த ஆண்டுதான் சவூதி, குவைத் உள்ளிட்ட 18 நாடுகளுக்கு நர்ஸ்கள் அரசு நிறுவனங்கள் வழியாகவே போக வேண்டும் என்று மத்திய அரசு உத்தரவிட்டது. நம் தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் சென்னையில் இயங்குகிறது. முதலில் அந்தப் படி ஏறுங்கள்.

கே: வருஷக்கணக்கில் நைட் டூட்டி பார்த்தால் உடம்பு கெடுமா?
- ஒரு நர்ஸிங் மாணவி, ஊட்டி

ப: கெடுக்கும் வாய்ப்பு உண்டு. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் இரவுப் பணியைப் 'புற்றுநோயை உண்டாக்கக்கூடும்' என்ற பட்டியலில் 2007இல் சேர்த்தது. 2019இல் மீண்டும் பார்த்து உறுதி செய்தது. நைட் பார்க்கும் எல்லாருக்கும் நோய் வரும் என்று இதற்கு அர்த்தமில்லை. உடம்புக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது, அதை மதிக்க வேண்டும் என்று அர்த்தம். டூட்டிக்கு முன்பே நன்றாகச் சாப்பிடு. பின்பாதி ராத்திரியில் காபியைத் தொடாதே. படுக்கும் அறை இருட்டாக இருக்கட்டும். தூக்கம் உனக்குச் சோம்பல் இல்லை, மருந்து.

கே: வெளியூரிலிருந்து போன நர்ஸுக்கு அங்கே மரியாதை உண்டா?
- ஒரு வாசகி, சாம்ராஜ்நகர்

ப: 2020 ஏப்ரலில் கொரோனாவிலிருந்து மீண்ட பிரிட்டிஷ் பிரதமர் போரிஸ் ஜான்சன், ராத்திரி முழுக்கத் தன் கட்டிலருகே நின்ற இரண்டு நர்ஸ்களுக்குப் பெயர் சொல்லி நன்றி கூறினார். ஒருவர் நியூசிலாந்துக்காரர், இன்னொருவர் போர்ச்சுகல்காரர். அதே ஆண்டு டிசம்பர் 8ஆம் தேதி கவென்ட்ரி நகரில் பிரிட்டனின் கொரோனா தடுப்பூசித் திட்டத்தின் முதல் ஊசியைப் போட்ட மே பார்சன்ஸ், பிலிப்பைன்ஸிலிருந்து போனவர். ஒரு நாடு மூச்சுத் திணறியபோது தாங்கிய கைகள் கடல் கடந்து வந்தவை. மரியாதையை உழைத்தே வாங்கினார்கள்.

கே: கடல் கடந்து போனவர்கள் சரி. எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் ராத்திரி இருக்கும் சிஸ்டருக்கு நாங்கள் என்ன செய்வது?
- ஓர் இளைஞர், குண்டலுபேட்டை

ப: இந்த வாரத்தின் நல்ல கேள்வி உங்களுடையது. உங்கள் ஊர்ப் பெண் லண்டனில் யாரோ ஒருவருடைய அம்மாவைப் புரட்டிப் படுக்க வைக்கும் அதே ராத்திரியில், வேறு ஊர்ப் பெண் ஒருத்தி இங்கே உங்கள் அம்மாவின் டிரிப்ஸைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவளிடம் குரலை உயர்த்தாதீர்கள். ஒரு கட்டிலைச் சுற்றிப் பத்துப் பேர் நிற்காதீர்கள். அடுத்த முறை வார்டுக்குப் போனால், "சாப்பிட்டீங்களா சிஸ்டர்?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.