ஆக்ஸ்டின் துரைக்கு 127 டிகிரி காய்ச்சல்

ஏலே பேராண்டி, செத்த இங்க வா. ஒனக்குக் கம்ப்யூட்டர் வாங்கித் தந்தது புராஜெக்ட் எழுதவா, இல்ல அதுக்குப் பக்கத்துல உக்காந்து நாடி பிடிக்கவா? லீவுக்கு வந்ததுலேர்ந்து பாக்கேன். ஒரு வரி தட்டுத, உடனே திரை மூலையில இருக்க சூட்டு நம்பரைப் பாக்க. 45ன்னா மூஞ்சி மலருது. 60ன்னா எந்திரிச்சுப் போயி கூரை ஃபேனை அஞ்சுல வைக்க. அந்தக் காத்து ஒன் தலைக்குத்தான் வரும். பொட்டிக்குள்ள எங்கலே போகும்?

தாத்தாவுக்கு என்ன தெரியும், பருத்திக் காட்டுல கெடந்த மனுசன்னுதான நெனைக்க? நெனச்சுக்கோ. கோவில்பட்டியில ஒன் சித்தப்பன் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை போட்டிருந்தப்ப கல்லாவுல உக்காந்தது யாரு? கெழவனுக்குக் காது மந்தம்னு நெனச்சுத் தொழில் ரகசியம் பூரா என் முன்னாலதான் பேசுவானுவ. நானும் இன்னைக்கு வரைக்கும் காது கேக்கும்னு யார்கிட்டயும் சொல்லல. சொன்னா நஷ்டம் யாருக்கு?

நேத்து ராத்திரி போன்ல ஒன் கூட்டாளிகிட்ட அலறுனியே, 'மதர்போர்டு 127 டிகிரியில வேகுதுடா'ன்னு, அதுவும் கேட்டுச்சு. ஆக்ஸ்டின்னு ஒரு சென்சார், அதுக்கு நேரா 127. பேரைக் கேட்டதும் ஏதோ வெள்ளக்காரத் துரைக்குக் காய்ச்சல்னுல்லா நெனச்சேன். ஏம்லே, போர்டுல எங்கனயாவது 127 டிகிரி இருந்தா மூடியத் தொறந்ததும் கருகுன நாத்தம் வந்திருக்காதா? தடவித் தடவிப் பாத்த கையில கொப்புளம் எங்க? வெசயம் இம்புட்டுத்தான்: போர்டுல இருக்க சூப்பர் ஐஓ சில்லுல சென்சார் மாட்டுததுக்குன்னு பின்னு நெறைய விட்டிருப்பான். போர்டு செய்யுதவன் அதுல ரெண்டோ மூணோ மாட்டிட்டு மிச்சத்தைச் சும்மா விட்டுருவான். மென்பொருளுக்கு அது தெரியாது. காலியா கெடக்க பின்னுகிட்டயும் போயி 'என்ன சூடு?'ன்னு கேக்கும். 8 பிட்டுல கூட்டல் பக்கம் எழுத முடிஞ்ச பெரிய நம்பர் 127. அதான் வந்து நிக்கி. சில போர்டுல மைனஸ்லயும் காட்டும். அப்பக் கம்பளி போத்துவியோ?

இதுல மூணு மென்பொருள் வேற. எச்டபிள்யூமானிட்டர் ஒண்ணு, எச்டபிள்யூஇன்ஃபோ ஒண்ணு, கோர் டெம்ப் ஒண்ணு. மூணையும் சேத்து ஓட விட்டுட்டு, மூணும் மூணு விதமா சொல்லுதுன்னு பஞ்சாயத்து வைக்க. ஒரே சில்லுகிட்ட மூணு பேரு ஒரே நேரத்துல கேள்வி கேட்டா சில நேரம் பதில் தாறுமாறாத்தான் வரும். போதாக்கொறைக்கு, கேக்க ஒவ்வொரு தடவையும் தூங்குத பிராசசர் கோரைத் தட்டி எழுப்புத. எழும்புனா கொஞ்சம் சூடு ஏறத்தான செய்யும்? ஏறிட்டுதேன்னு நீ மறுபடியும் கேப்ப. ஒண்ணை வச்சுக்கோ, ரெண்டை அழி. வச்சிருக்கதும் செஞ்சவன் தளத்துலேர்ந்து எறக்குனதா இருக்கட்டும். சென்சாரைத் தொடணும்னா விண்டோஸோட அடிமடியில ஒரு டிரைவரைப் போட்டாகணும், தெரியும்லா? 2025ல விண்டோஸ் டிஃபெண்டர் வின்ரிங்0ங்கிற டிரைவரைப் பிடிச்சு நிறுத்துனப்ப, அதை நம்பி இருந்த சூடு பாக்குற மென்பொருள் சிலது முழி பிதுங்கி நின்னுச்சு. ஓட்டையுள்ள டிரைவர்னு முந்தியே பேரெடுத்தது அது.

இப்ப நிசமான சென்சாருக்கு வருவோம். இன்டெல் பிராசசர் சில்லுக்குள்ள இருக்கது 'நான் 62 டிகிரி'ன்னு சொல்லாது. 'எல்லைக்கு இன்னும் 38 இருக்கு'ங்கும், அவ்வளவுதான். எல்லைக்கு டிஜேமேக்ஸ்னு பேரு. நெறைய சில்லுல அது 100. 100லேர்ந்து 38ஐக் கழிச்சு 62ன்னு திரையில போடுதது மென்பொருள். நம்ம கமலைக் கிணத்துல தண்ணி பாத்தது எப்படி? அடி மண்ணுலேர்ந்தா அளந்தோம்? மேல கல்லுல நின்னு கயிறை விட்டு, எத்தனை அடிக்குக் கீழ கெடக்குன்னுதான பாத்தோம்? அதே கணக்கு. எல்லையைத் தப்பா வச்சுக்கிட்ட மென்பொருள் எல்லா நம்பரையும் தப்பாத்தான் சொல்லும். எல்லையை விட்டுக் கீழ எறங்க எறங்க அந்த சென்சாருக்குத் துல்லியமும் கொறையும். காலையில 29 காட்டுதுன்னு மீசையை முறுக்குனியே, அப்ப ரூமே 33லே. காத்துல ஆறுத சாமான் ரூமை விடக் குளுந்து எப்படிக் கெடக்கும்?

ஏஎம்டிக்காரன் சங்கதி தனி. 2017ல வந்த ரைசன் 1700எக்ஸ், 1800எக்ஸ் ரெண்டும் உள்ளதுக்கு மேல 20 டிகிரி கூட்டித்தான் சொல்லும். எல்லா ரகத்துக்கும் விசிறி ஒரே கணக்குல சுத்தட்டும்னு அவனே வச்ச ஏற்பாடு. அது தெரியாம வாங்குனவன் வயித்துல புளியைக் கரைச்சதுதான் மிச்சம். 2022ல ரைசன் 7000 வந்தப்ப, முழு வேலை குடுத்தா 95ல நின்னு ஓடுததுதான் அதோட கொணம்னு அவனே சொல்லிட்டான்.

'எரிஞ்சு போகாதா தாத்தா?'ன்னு கேப்ப. எரிஞ்ச காலம் உண்டு. 2001ல டாம்ஸ் ஹார்ட்வேர்காரன், ஓடிக்கிட்டிருக்க சில்லு மேலேர்ந்து ஹீட்சிங்கைப் பிடுங்கிப் படம் பிடிச்சுக் காட்டுனான். ஏஎம்டி அத்லான் பொகைஞ்சு செத்துச்சு. பென்டியம் 4 வேகத்தைக் கொறைச்சுக்கிட்டு உசுரோட கெடந்துச்சு. இப்ப வர்றதெல்லாம் அந்த ரெண்டாவது ரகம். எல்லை வந்தா தானே வேகத்தைக் கொறைக்கும்; அதுக்கும் மீறினா பொட்டியையே அணைச்சிரும். எச்டபிள்யூஇன்ஃபோவுல தெர்மல் த்ராட்லிங்னு ஒரு வரி இருக்கு பாரு, அதுக்கு நேரா ஆமா, இல்லைன்னு ரெண்டுல ஒண்ணு நிக்கும். ஆமான்னு விழுந்தா மட்டும் என்னை எழுப்பு.

விழுந்திருக்கு. தெரியும். கேமைத் தொறந்த ரெண்டு மூணு நொடியில 48லேர்ந்து 100. அந்தக் கோட்டைப் பாத்தியா, பனமரம் கெணக்கா செங்குத்தா நிக்கி. தூசி அடைச்சிருந்தா இப்படிப் பாயாது. நிமிசக் கணக்குல பைய ஏறும். நொடியில பாயுதுன்னா ஹீட்சிங்கு சில்லு மேல ஒழுங்கா உக்காரலன்னு முதல்ல சந்தேகப்படணும். நீ குறட்டை விடுதப்ப கண்ணாடி வழியா டார்ச் அடிச்சுப் பாத்தேன். சில்லோட கூடவே வந்த அந்த வட்ட விசிறிக்கு நாலு பிளாஸ்டிக் காலு. மூணு போர்டுல குத்தி நிக்கி. ரேமுக்குப் பக்கத்துல இருக்க காலு மட்டும் அரை விரக்கடை தூக்கிக்கிட்டு நிக்கி, அடியில வெளிச்சம் தெரியுது. மூணு மென்பொருள் வச்சுப் பாத்த ஒனக்கு மூணு காலுதான் தெரிஞ்சிருக்கு.

காலையில கரன்ட்டைப் பிடுங்கிட்டு அதைக் கழட்டு. சில்லு மேல இருக்க பழைய பேஸ்ட்டை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் தொடச்சுட்டு, புதுசு ஒரு பட்டாணி அளவு நடுவுல வை. காலை எதிரும் புதிருமா அமுக்கு. ஒவ்வொண்ணும் டிக்குன்னு சத்தம் குடுக்கணும். போர்டுக்குப் பின்பக்கம் நாலு முனையும் வெளிய வந்திருக்கான்னு பாத்துட்டு மூடியைப் போடு. பெறகு கேம் ஓடையில 80க்குக் கீழ நின்னா ஒன் பொட்டிக்கு ஒரு கேடும் இல்ல.