சிங்கப்பூர் சித்தப்பா இருந்தவர்கள் மட்டும்

மலிவான பந்தயத்துக்கு விதி எழுத வேண்டுமென்றால் முதலில் ஏசி அறை வேண்டும். பூந்தமல்லி பைபாஸைத் தாண்டி, நீச்சல் குளமும் வாசலில் இரண்டு செக்யூரிட்டியும் உள்ள குடியிருப்பு ஒன்றின் கிளப் ஹவுஸில் ஞாயிறு காலை அப்படியொரு கமிட்டி கூடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எண்பதுகளின் ரிமோட் கார்களுக்கென்று ஒரு ரெட்ரோ கிளாஸ். சாமானியனும் கலந்துகொள்ளும்படி செலவைக் கட்டிப்போடும் விதிகள். நோக்கத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. சாமானியனைத்தான் யாரும் கூப்பிடவில்லை. அவனுக்கு அன்றைக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஓவர்டைம்.

"நம்ம கொள்கை ரொம்ப சிம்பிள் சார். காசு ஜெயிக்கக் கூடாது, கை ஜெயிக்கணும்" என்று தொடங்குகிறார் தலைவர். அவர் மேசைமேல் வைத்திருக்கும் டிரான்ஸ்மிட்டரின் விலைக்கு ஆவடியில் ஒரு குடும்பம் மூன்று மாத வாடகை கட்டிவிடும்.

முதல் விதி சட்டென்று நிறைவேறுகிறது: 1990க்கு முன் வெளிவந்த மாடலாக இருக்க வேண்டும், அல்லது அதே கம்பெனி திரும்ப வெளியிட்ட மறுபதிப்பாக இருக்க வேண்டும். க்யோஷோவின் ஸ்கார்பியன் 1982. டாமியாவின் ஃபிராக் 1983. கிராஸ்ஹாப்பரும் ஹார்னெட்டும் 1984. அதே ஆண்டு அமெரிக்காவில் ஆர்சி10. இந்தப் பெயர்களை உச்சரிக்கும்போதே கமிட்டியில் பாதிப் பேருக்குக் கண் கலங்குகிறது. "எங்க பால்யம் சார் இது."

யாருடைய பால்யம் ஐயா? 1984இல் இந்த நாட்டுக்குள் ஒரு பொம்மையை இறக்க லைசென்ஸ் கேட்டார்கள். நுகர்பொருள் இறக்குமதியின் மேலிருந்த கட்டுப்பாடுகளில் கடைசி மிச்சம் நீங்கியது 2001 ஏப்ரலில். அதுவரை ஒரு ஜப்பானிய ரிமோட் கார் அம்பத்தூருக்கு வந்து சேர வழி ஒன்றுதான்: சிங்கப்பூரிலிருந்து சித்தப்பா வர வேண்டும். சித்தப்பா இல்லாதவர்கள் பர்மா பஜாரில் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தார்கள். அதிலும் கொஞ்சம் வசதி வாய்த்தவனுக்கு ஒயர் ரிமோட் கிடைத்தது. காருக்கும் கைக்கும் நடுவே ஒரு மீட்டர் ஒயர். கார் எங்கே போனாலும் முதுகை வளைத்துக்கொண்டு பின்னாலேயே ஓட வேண்டும். அதை ரெட்ரோவில் சேர்க்கலாமா என்று கேட்டுப் பாருங்கள், சிரிப்பார்கள்.

டிஐ சைக்கிள்ஸ் ஆலையிலும் டன்லப் ஆலையிலும் ஷிப்டு பார்த்தவர்களின் பிள்ளைகளுக்கு ஒரு பந்தயம் இருக்கத்தான் இருந்தது. தேய்ந்த சைக்கிள் டயர் ஒன்று, குச்சி ஒன்று. தெருமுனை வரை தட்டிக்கொண்டே ஓடுவார்கள். ஒரிஜினல் பெட்டி இருக்கிறதா என்று அங்கே எவரும் கேட்டதில்லை. அம்பத்தூரின் அசல் ரெட்ரோ கிளாஸ் அதுதான். இப்போது டன்லப் ஆலையே இல்லை. டயர் செய்து நாட்டுக்கே அனுப்பிய ஊரில், உள்ளங்கையில் அடங்கும் ரப்பர் டயர் நாலுக்காகக் கூரியர்காரனின் போனுக்குக் காத்திருக்கிறோம்.

கூரியர் என்றதும் சுங்கம் நினைவுக்கு வருகிறது. பொம்மைக்கான இறக்குமதி வரி 2020இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023இல் 70. எலக்ட்ரானிக் பொம்மை என்றால் அதன் தலையில் இன்னும் 18 சதவீதம் ஜிஎஸ்டி. கடைக்காரர் முறையாக இறக்கினால் நூறு ரூபாய்ப் பெட்டி இருநூறைத் தொட்டுவிட்டுத்தான் கப்பலை விட்டு இறங்கும். 2021 ஜனவரி முதல் பிஐஎஸ் முத்திரையும் கட்டாயம். ரிமோட் வயர்லெஸ் கருவியாயிற்றே, அதற்கான அனுமதிச் சீட்டு எங்கே என்று தனியாக ஒருவர் கேட்பார். உள்நாட்டுத் தொழிலைக் காப்பாற்ற இத்தனையும் என்கிறது டெல்லி. சரி, காப்பாற்றட்டும். அப்படிக் காப்பாற்றப்பட்ட உள்நாட்டுத் தொழில் செய்த பாகத்தை உள்ளே விடமாட்டேன் என்று நம் கமிட்டி அடுத்த விதியை எழுதுகிறது: "ஜென்யூன் பார்ட்ஸ் மட்டும்." மேலே இருப்பவன் இறக்காதே என்கிறான், கீழே இருப்பவன் இறக்கியதை மட்டும் கொண்டு வா என்கிறான். நடுவில் நசுங்குகிறவனுக்குத்தான் இந்த விதிகளெல்லாம் கருணையோடு எழுதப்படுகின்றன.

அப்புறம் மோட்டார். இங்கேதான் விஷயம் ருசியாகிறது.

"எல்லாருக்கும் ஒரே சில்வர் கேன் 540 மோட்டார். விலை கம்மி. தீர்ந்தது சார்." தீரவில்லை. ஒரே அச்சில் வார்த்த மோட்டார்களிலும் ஒன்று கொஞ்சம் வேகமாகச் சுற்றும், ஒன்று மந்தமாகச் சுற்றும். பணக்காரர் முப்பது வாங்குவார். மீட்டரில் மாட்டி ஒவ்வொன்றாக அளப்பார். தேறியது ஒன்றைத் தன் காரில் பூட்டிக்கொண்டு, மிச்சம் இருபத்தொன்பதைப் புதுப் பையன்களுக்கு "பாதி விலைக்குத் தரேன், எடுத்துக்கோ தம்பி" என்று தள்ளிவிடுவார். கையால் ஜெயித்த பெருமை அவருக்கு, வள்ளல் என்ற பெயரும் அவருக்கே.

இது ஒன்றும் என் வயிற்றெரிச்சலில் பிறந்த கற்பனை இல்லை. மேலை நாடுகளில் 'ஸ்டாக்' கிளாஸ் என்று 27 சுற்று மோட்டாரை வைத்துத் தொடங்கியபோதும் மலிவுதான் நோக்கம். உடனே மோட்டாரின் செம்பு வளையத்தைச் சீவ விரல் நீளத்தில் லேத் வந்தது. பிரஷ் நன்றாகப் படிய மோட்டாரைத் தண்ணீருக்குள் முக்கி ஓட்டினார்கள். பேட்டரியில் ஆறு செல். எது எத்தனை விநாடி தாங்குகிறது என்று அளந்து, ஒத்த செல்களை ஜோடி சேர்த்து, ஒவ்வொன்றிலும் எண்ணை ஒட்டி, கூடுதல் விலைக்கு விற்றார்கள். செல் அதே செல்தான். பிறகு பிரஷ் இல்லாத மோட்டார் வந்தது. தேயாது, சீவ வேண்டாம், இனி செலவே இல்லை என்று எல்லாரும் கைதட்டினார்கள். அடுத்த கணம் ஸ்பீடு கண்ட்ரோலருக்குள் கம்ப்யூட்டர் நிரல் புகுந்து, மந்தமான மோட்டாரைக்கூடப் பறக்க வைத்தது. அதை நிறுத்த இன்னொரு விதி: கண்ட்ரோலரில் விளக்கு மினுக் மினுக்கென்று எரிந்தால்தான் நிரல் அணைந்திருக்கிறது என்று அர்த்தம், எரிந்தால்தான் பந்தயம். அந்த விளக்கு எரியும் கண்ட்ரோலரைப் புதிதாக எல்லாரும் வாங்கினார்கள். செலவைக் குறைக்க எழுதிய ஒவ்வொரு விதியும் ஒரு கடையைத் திறந்து வைத்திருக்கிறது.

நம் கமிட்டிக்கு இந்த வரலாறு தெரியாதா? தலைகீழாகத் தெரியும். அந்த லேத்தும் அந்த மீட்டரும் அவர்களுடைய பரணில் இருக்கின்றன. அதனால்தான் மோட்டார் விதி அத்தனை சீக்கிரம் ஒருமனதாக நிறைவேறுகிறது.

விதி இப்படித்தான் இருக்கும், என்ன செய்வது என்கிறவர்களுக்கு ஒரு பெயர் சொல்கிறேன்: கரிவரதன். கோயம்புத்தூர்க்காரர், பணமுள்ள குடும்பம், ரேஸ் பைத்தியம். தன் ஒருவனுக்கு வெளிநாட்டுக் கார் வாங்கி ஓட்டிவிட்டுப் போயிருக்கலாம், ஓட்டியும் இருக்கிறார். ஆனால் எண்பதுகளின் பிற்பகுதியில் அவர் உட்கார்ந்து ஃபார்முலா மாருதியைச் செய்தார். தெருவில் ஓடும் மாருதி 800இன் 796 சிசி இன்ஜின், மற்றதெல்லாம் கோவைப் பட்டறையில் செய்யக்கூடியவை. கெட்டுப்போனால் பக்கத்து மெக்கானிக் சரிசெய்வார். ஒரு தலைமுறைப் பையன்கள் ஒற்றை இருக்கை ரேஸ் காரில் முதன்முதலாக உட்கார்ந்தது அப்படித்தான்; நரேன் கார்த்திகேயனும் அதில் தொடங்கியவர்தான். 1995இல் கரிவரதன் விமான விபத்தில் இறந்துபோனார். கோவைக்குப் பக்கத்தில் ஒரு டிராக் அவர் பெயரில் இருக்கிறது. பக்கத்துக் கடையில் கிடைக்கும் பொருளை முதலில் பார்த்துவிட்டு விதியை எழுதினார் அந்த மனுஷன். நம் கமிட்டி ஜப்பான் கேட்லாக்கைப் பிரித்து வைத்துக்கொண்டு எழுதுகிறது.

பட்டாபிராமிலிருந்து ஒரு பையன், எப்படியோ கேள்விப்பட்டு, பையில் ஒரு காரோடு வந்து நிற்கிறான். செக்யூரிட்டி அவனை டெலிவரி கேட் வழியாக அனுப்பியிருக்கிறார்.

"தம்பி, இது ஹார்னெட் மாதிரி இருக்கு. ஹார்னெட் இல்லையே."

"ஆமா சார். பாடி 3டி பிரிண்ட். மோட்டார் ரிச்சி ஸ்ட்ரீட். கியரை எங்க மாமா எஸ்டேட்ல லேத்துல போட்டுக் குடுத்தார்."

"சூப்பர்ப்பா. நல்ல முயற்சி. ஆனா பாரு, கிளாஸோட ஸ்பிரிட்டுன்னு ஒண்ணு இருக்கு."

அவனுடைய மாமா வேலை பார்க்கும் அம்பத்தூர் எஸ்டேட் 1964இல் தொடங்கியது. அங்கே கடைகிற பாகங்கள் பெரிய பெரிய கம்பெனிகளின் கார்களுக்குள் போகின்றன. ஒரு முடி அளவு பிசகினால் லாட்டையே திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று பயந்து பயந்து கடைகிற கை அது. அந்தக் கை போட்ட பிளாஸ்டிக் பொம்மைக் கியர் ஜென்யூன் இல்லையாம். ஆவடியில் டாங்கியே செய்கிறார்கள் ஐயா! (அங்கேயும் செலவு வரம்பு பற்றிச் சொல்ல ஒரு கதை உண்டு, 1974இல் 15.5 கோடி ரூபாய் என்று தொடங்கிய அர்ஜுன் டாங்கித் திட்டம் 300 கோடியைத் தாண்டித்தான் மூச்சு விட்டது. நம் கமிட்டியினர் அந்தப் பரம்பரை போலும்.) 1955 ஜனவரியில் இதே ஆவடியில்தான் காங்கிரஸ் கூடி, சோஷலிச பாணிச் சமுதாயம் அமைப்போம் என்று தீர்மானம் போட்டது. எழுபது வருஷம் கழித்து அந்த மண்ணின் பையன் ஒரு பொம்மைக் காரோடு வந்தால் டெலிவரி கேட்.

சரி, எங்கே ஓட்டுவது? முப்பது மீட்டருக்கு இருபது மீட்டர் மண் தரை போதும், தண்ணீர் தெளித்துக் கெட்டித்தால் அற்புதமான டிராக். திருமுல்லைவாயலிலும் பட்டாபிராமிலும் அந்த அளவு காலி மனை இருந்த காலம் உண்டு. இப்போது காலி மனையெல்லாம் பிளாட்டாகிவிட்டது, காலி ஏரியும் பிளாட்டாகிவிட்டது. ஊருக்குள் பந்தயத்துக்கு இடமே கிடையாது என்றும் சொல்லிவிட முடியாது. 2024 ஆகஸ்ட் 31ஆம் தேதியும் மறுநாளும் தீவுத்திடலைச் சுற்றி 3.5 கிலோமீட்டர் நகரச் சாலையையே அடைத்து, இரவு விளக்குப் போட்டு, ஃபார்முலா 4 நடத்திக் காட்டினார்கள். அரசு போட்ட செலவு 42 கோடி என்று உயர் நீதிமன்றம் வரைக்கும் கணக்கு பேசப்பட்டது. வேகம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சோழவரத்து ஓடுதளத்தில் பந்தயம் பார்த்து வளர்ந்த ஊர் இது. பெரிய காருக்கு நகரமே வளைந்து கொடுக்கிறது. பொம்மைக் காருக்கு ஒரு துண்டு மண் கேட்டால் வார்டு ஆபீஸில் நம்மை மேலும் கீழும் பார்க்கிறார்கள். கமிட்டி அதற்கும் வழி கண்டுவிட்டது: குடியிருப்பின் பின்புறம் செயற்கைப் புல் விரிப்பு. விருந்தினர் பாஸ் உள்ளவர்களுக்கு அனுமதி. பட்டாபிராம் பையனுக்கு யார் பாஸ் வாங்கித் தருவது என்பது அஜெண்டாவில் இல்லை.

கடைசியாக ஒருவர் வாய் திறக்கிறார். மூலையில் இருந்த ரிட்டயர்டு ஆசாமி, ஆவடி ஹெவி வெஹிக்கிள்ஸ் டாங்கி ஆலையில் ஃபிட்டராக இருந்தவர், மருமகனோடு வந்தவர்.

"சார், ஒரே ஒரு விதி போதும் சார். ஜெயிச்ச வண்டியோட மோட்டாரை, கலந்துகிட்ட யார் வேணும்னாலும் அங்கேயே எண்ணூறு ரூபா குடுத்து வாங்கிக்கலாம்னு எழுதுங்க. குடுக்க மாட்டேன்னு சொன்னா ஜெயிச்சது செல்லாது. முப்பது மோட்டார் வாங்கி அளந்து யார் கொண்டு வரான்னு அப்புறம் பார்ப்போம்."

புதிய யோசனை இல்லை இது. அமெரிக்க மண் டிராக்குகளில் வெகுகாலமாக இருப்பது. 2006இல் அங்கே தொடங்கிய லெமன்ஸ் பந்தயத்தில் 500 டாலர் கார்தான் ஓட்டலாம். சந்தேகம் வந்தால் அமைப்பாளர்களே 500 டாலரைக் கையில் கொடுத்துவிட்டுக் காரை எடுத்துக்கொள்ளலாம் என்று விதியில் எழுதி வைத்தார்கள். பரிசோதகர் வேண்டாம், மீட்டர் வேண்டாம், மினுக்கும் விளக்கும் வேண்டாம். பக்கத்தில் நிற்கிறவனின் எண்ணூறு ரூபாயே போலீஸ்.

கிளப் ஹவுஸில் ஏசியின் சத்தம் மட்டும் கேட்கிறது. பொருளாளர் தொண்டையைக் கனைக்கிறார். "ஐடியா நல்லாத்தான் இருக்குங்க ஐயா. ஆனா மோட்டார்னா ஒரு சென்டிமென்ட் இருக்குல்ல." இன்னொருவர் சட்டச் சிக்கல் வரலாம் என்கிறார். மூன்றாமவர், விளையாட்டில் பணத்தைக் கொண்டு வந்தால் நட்பு கெட்டுவிடும் என்று வருந்துகிறார். யோசனையைப் பரிசீலிக்கத் துணைக் கமிட்டி ஒன்று அமைக்கப்படுகிறது. அதில் ஃபிட்டர் இல்லை.

அதன்பின் டி-ஷர்ட்டின் நிறம் ஒருமனதாகத் தேர்வாகிறது. விலை 1,200 ரூபாய். போட்டியாளர்கள் அனைவரும் கட்டாயம் வாங்க வேண்டும்.